காணோம் என்னும் செய்தி

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு மாலை சூட்டி, மேளம் கொட்டி, ஊர்வலம் விடுவது உலக வழக்கம். நல்ல வழக்கந்தான், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பத்து வருஷம், இருபது வருஷம் ஒன்றைத் தேடிவிட்டு, "நாங்கள் தேடியது அகப்படவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவர்களுக்கு யார் மாலை சூட்டுகிறார்கள்? அவர்கள் வீட்டாரே, "இத்தனை நாளாக அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டாலும் கேட்பார்கள்.

அத்தகையோர் கூட்டம் ஒன்றையே இந்த வாரம் நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க விரும்புகிறோம். இத்தாலி தேசத்தில் கிரான் ஸாஸோ என்று ஒரு மலை இருக்கிறது. அதைக் குடைந்து ஒரு மோட்டார் ரஸ்தா போகிறது. அந்தக் குகைப் பாதையின் நடுவே பக்கவாட்டில் ஒரு வாசல். உள்ளே நுழைந்தால் ஆயிரக்கால் மண்டபத்தைப் போல் நீண்டு உயர்ந்த மூன்று கூடங்கள், தூண்கள்தாம் இல்லை. தலைக்கு மேலே 1,400 மீட்டர் கனத்துக்குப் பாறை. அங்கே அமர்ந்து, ஓர் அணுவின் கரு ஒரு குறிப்பிட்ட விதமாகச் சிதைகிறதா என்று விஞ்ஞானிகள் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிதைவை ஐயந்திரிபறக் கண்டவர் இதுவரை ஒருவருமில்லை. அப்படியிருந்தும் பல தேசத்து அறிஞர்கள் தம் வாழ்நாளில் பெரும் பகுதியை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். காரணம் என்ன?

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

சில அணுக்கருக்கள் தாமாகவே ஓர் எலெக்ட்ரானை வெளியே எறிந்துவிட்டு வேறு பொருளாக மாறிவிடுகின்றன. இதற்குப் பீட்டாச் சிதைவு என்று பெயர். கரு எவ்வளவு சக்தியை இழந்ததோ, அவ்வளவையும் வெளிவந்த எலெக்ட்ரான் சுமந்துகொண்டு போக வேண்டும் அல்லவா? அளந்து பார்த்ததில் அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ குறைந்தது. அதுவும் தடவைக்குத் தடவை வெவ்வேறு அளவில் குறைந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் ஒன்று, கடைக்காரன் கைக்குப் போய்ச் சேர்ந்த பணம் வேறொன்று என்றால், நடுவில் யாரோ இருக்கிறான் என்றுதானே கணக்குப்பிள்ளை முடிவு கட்டுவார்? உல்ப்காங்க் பௌலி என்னும் அறிஞரும் 1930-ஆம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் அப்படியே முடிவு கட்டினார். மின்சாரம் தாங்காத, கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத ஒரு துகள் மீதிச் சக்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதி, டியூபிங்கன் நகரில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ஜூரிச்சில் ஒரு நடன விருந்துக்குப் போக வேண்டியிருந்தபடியால் தாம் நேரில் வர இயலாது என்பதையும் அதே கடிதத்தில் தெரிவித்திருந்தார்!

விருந்துக்குப் போன இடத்தில் பௌலி என்ன உண்டார் என்பது நமக்குத் தெரியாது. அவர் ஊகித்த துகள் மட்டும் இருபத்தாறு வருஷம் கழித்து, 1956-இல், ரெயின்ஸ், கோவன் என்னும் இரண்டு அமெரிக்கர்களின் கருவியில் சிக்கியது. அதுதான் நியூட்ரினோ. சூரியனிலிருந்து புறப்பட்டு வரும் நியூட்ரினோக்களில் வினாடிதோறும் சுமார் 6,500 கோடி, நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் வழியே ஊடுருவிச் செல்கின்றன. நாம் விழித்திருந்தாலும் தூங்கினாலும் அவற்றுக்கு ஒன்றுதான். பூமியும் அவற்றுக்கு ஒரு தடையன்று.

இத்துகளுக்கு எடையே இல்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1998-இல் ஜப்பானிலும், 2001-லும் அதற்கடுத்த வருஷத்திலும் கனடாவிலும் பூமிக்கடியில் நடந்த சோதனைகள் அந்த நினைப்பை மாற்றின. நியூட்ரினோவில் மூன்று ஜாதிகள் உண்டு. ஒரு ஜாதியாகப் புறப்பட்டது வழியில் இன்னொரு ஜாதியாக மாறி வந்து சேர்வதை அச்சோதனைகள் காட்டின. எடையே இல்லாத துகளுக்கு இந்த ஜாலம் சாத்தியமில்லை. இதற்காக ஜப்பானின் கஜிட்டாவுக்கும் கனடாவின் மக்டொனால்டுக்கும் 2015-ஆம் வருஷத்து நோபெல் பரிசு கிடைத்தது.

எடை உண்டு என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று தெரிந்ததா? இல்லை. மூன்று சகோதரர்களில் ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் என்று தெரிந்து, ஒருவனுடைய உயரமும் தெரியாமற் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரில் நேரடியாகவே நிறுத்துப் பார்க்க முயன்று வருகிறார்கள். அதற்காகச் செய்த 200 டன் எடையுள்ள பெரிய உலோகக் கலம் உருவான ஊர், கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து 400 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் அவ்வளவு பெரிய கலத்தைத் தரை வழியே கொண்டுபோக வகையில்லாமல், 2006-இல் டான்யூப் நதியில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல் எல்லாம் சுற்றி, 8,800 கிலோமீட்டர் பிரயாணம் செய்வித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் தராசு 2025-இல் சொன்ன தீர்ப்பு: நியூட்ரினோவின் எடை, எலெக்ட்ரானின் எடையில் பதினொரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை அத்தராசும் இன்னும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் எட்டோரே மயோரானா. இவர் ஸிஸிலித் தீவில் பிறந்த இத்தாலியர், மகா மேதை, மிகுந்த சங்கோசி. எலெக்ட்ரானுக்குப் பாஸிட்ரான் என்பது போல, ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எதிர்த்துகள் உண்டு என்பது பௌதிக சாஸ்திரத்தின் சித்தாந்தம். இரண்டும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். மின்சாரம் தாங்காத துகளுக்கு அப்படித் தனியாக ஓர் எதிரி வேண்டியதில்லை, தானே தனக்கு எதிர்த்துகளாகவும் இருக்கலாம் என்று மயோரானா 1937-இல் எழுதினார். மறு வருஷம் மார்ச் மாதம், பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸ் நகருக்குப் போகக் கப்பல் சீட்டு வாங்கியவர், என்ன ஆனார் என்பதே தெரியாமல் மறைந்துபோனார். அப்போது அவருக்கு வயது 31. அவர் எங்கே போனார் என்னும் கேள்வியைப் போலவே, அவர் விட்டுப் போன கேள்வியும் விடையின்றி நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை காணும் வழிதான் கிரான் ஸாஸோ மலையடியில் நடக்கும் காவல்.

வழி இன்னதென்று சொல்லுகிறோம். ஜெர்மானியம் என்னும் உலோகம் போன்ற பொருளில் 76 என்று எண்ணிட்ட ஒரு வகை உண்டு. அதன் கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் அது ஆர்ஸெனிக் ஆகிவிட வேண்டும். ஆனால் அந்த ஆர்ஸெனிக் கருவின் எடை, ஜெர்மானியக் கருவின் எடையைவிடச் சற்று அதிகம். கையிலுள்ள காசைவிட விலை கூடிய சாமானை வாங்க முடியுமா? ஆகவே ஜெர்மானியம் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. ஆனால் அதற்கும் அடுத்த படியிலுள்ள ஸெலினியம் எடை குறைந்தது. இரண்டு நியூட்ரான்களும் ஏக காலத்தில் மாறினால், நடுப்படியை மிதியாமல் ஒரே தாவலில் அங்கே போய்விடலாம். இதற்கு இரட்டைப் பீட்டாச் சிதைவு என்று பெயர். இப்படி நடக்கக்கூடும் என்று 1935-இல் முதன் முதலாகக் கணக்கிட்டுக் காட்டியவர் மரியா கெப்பர்ட் மேயர் என்னும் பெண்மணி. பௌதிகத்தில் மேரி க்யூரிக்குப் பிறகு நோபெல் பரிசு பெற்ற இரண்டாவது மாதர் திலகம் இவரே. பரிசு கிடைத்தது 1963-இல், வேறோர் ஆராய்ச்சிக்காக.

சாதாரணமாக இத்தாவலின்போது இரண்டு எலெக்ட்ரான்களும் இரண்டு நியூட்ரினோக்களும் வெளியே வரும். இதுவே மிகவும் அபூர்வம். 1987-இல்தான் அமெரிக்காவில் ஒரு பரிசோதனைச் சாலையில் இதை நேராகக் கண்டார்கள். ஆனால் மயோரானா சொன்னது மெய்யானால் இன்னும் அபூர்வமான ஒன்று நடக்க வேண்டும் என்று 1939-இல் பர்ரி என்னும் அமெரிக்கர் எடுத்துக் காட்டினார். நியூட்ரினோ தானே தன் எதிர்த்துகளாக இருந்தால், ஒரு நியூட்ரான் வெளிவிடுவதை மற்றொரு நியூட்ரான் அங்கேயே வாங்கி விழுங்கிவிடலாம். வீட்டுக்குள்ளேயே கைமாறிவிட்ட படியால், வெளியே ஒரு நியூட்ரினோவும் வராது. இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் வரும். சக்தி முழுவதும், ஒரு சல்லிக் காசு குறையாமல், அவற்றிடமே இருக்கும்.

கணக்குப்பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஜெர்மானியத்தின் விஷயத்தில் அந்த முழுத்தொகை 2,039 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். நியூட்ரினோ பங்கு போட்டுக்கொள்ளும் சிதைவுகளிலெல்லாம் தொகை அதற்குக் குறைவாகவே வரும். மிகச் சரியாக 2,039 என்ற இடத்தில் கணக்குகள் வந்து குவியுமானால், தேடியது அகப்பட்டது என்று அர்த்தம். அத்துடன், நியூட்ரினோவுக்கு எடை இருந்தாலன்றி இந்தக் கைமாற்றம் நடவாது. எடை மிகுந்தால் கைமாற்றமும் மிகும். ஆகவே எத்தனை காலத்துக்கு ஒரு தடவை நடக்கிறது என்று எண்ணி, அதிலிருந்து எடையையும் மதிப்பிடலாம்.

இதில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. பிரபஞ்சம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சரிபாதியாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று சாஸ்திரம் சொல்லுகிறது. சரிபாதியாக இருந்தால் ஒன்றையொன்று அழித்து, ஒளி மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் நட்சத்திரங்கள் இருக்கின்றன, பூமி இருக்கிறது, இதைப் படிக்கும் நேயர்களும் சௌக்கியமாக இருக்கிறார்கள். பொருள் எப்படி மிஞ்சியது? நியூட்ரினோ அற்ற இரட்டைச் சிதைவில் எதிர்த்துகள் எதுவும் பிறவாமல் இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் புதிதாகப் பிறக்கின்றன. அதாவது, எதிர்ப்பொருள் சேராமல் பொருள் மட்டும் பெருகும் காரியத்தை இயற்கை அனுமதிக்கிறது என்று ஆகும். உலகம் ஏன் வெறும் ஒளியாகப் போய்விடவில்லை என்பதற்கு அது முதல் துப்பு.

இனி, இதைக் காண்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்ப்போம். இதுவரை நடந்த சோதனைகளின்படி, ஜெர்மானியம் இவ்விதம் சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தை எழுத, 18 என்று போட்டு அதன் வலப்புறம் 25 பூஜ்யங்களை இட வேண்டும். அவ்வளவு வருஷங்களுக்குக் குறையாது. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி வருஷந்தான். இது அதைப்போல் நூறு கோடி கோடி மடங்குக்கும் மேல். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? நல்ல வேளையாக, ஓர் அணுவை நெடுங்காலம் பார்ப்பதும், கணக்கற்ற அணுக்களைக் கொஞ்ச காலம் பார்ப்பதும் ஒன்றுதான். அப்படியும், 33 கிலோ சுத்தமான ஜெர்மானியம் 76-ஐ ஒரு வருஷம் முழுவதும் இரவு பகலாகக் காவல் காத்தால், அதிகமாகப் போனால் ஒரே ஓர் அணு சிதையும்.

ஒன்றுதானே, எண்ணிவிடலாமே என்றால், அந்த ஒன்றைச் சுற்றிலும் ஓயாத சந்தடி. நம் ஒவ்வொருவர் உடம்பிலுமுள்ள பொட்டாசியத்தில் வினாடிக்கு 4,000-க்கு மேற்பட்ட அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. ஒரு வாழைப்பழத்தில் வினாடிக்குச் சுமார் 15. சுவரில், காற்றில், ஆணியில், பற்றவைத்த ஈயத்தில், எங்கும் இந்தச் சந்தடி. ஆகாயத்திலிருந்து வேறு கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்று, எங்கோ ஓர் ஊசி விழும் ஓசையைக் கேட்க முயல்வது போன்ற காரியம் இது.

ஆகவேதான் மலைக்கு அடியில் போகிறார்கள். மேலேயுள்ள பாறை ஆகாயக் கதிர்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. ஜெர்மானியத்தை ஸ்படிகமாக வளர்த்து, அந்த ஸ்படிகத்தையே சிதையும் பொருளாகவும் சிதைவை அறியும் கருவியாகவும் அமைக்கிறார்கள். அவற்றைச் சரம் சரமாகக் கோத்துத் திரவமாகக் குளிரவைத்த ஆர்கானில் தொங்கவிடுகிறார்கள். வேண்டாத கதிர் எதுவும் நுழைந்தால் ஆர்கான் மினுக்கென்று ஒளிவிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சுற்றிலும் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, அகழி போல.

அதே மலைக்கடியில் க்வோரே என்று இன்னொரு சோதனை. அது டெல்லூரியம் என்னும் பொருளின் ஸ்படிகங்கள் 988-ஐ, இதற்குக் கீழே குளிர்ச்சியே இல்லை என்னும் எல்லைக்கு ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்கு மேலே நிறுத்திக் காவல் காக்க அமைந்தது. அதற்குக் கவசமாக ஈயம் தேவைப்பட்டது. புதிதாக எடுத்த ஈயத்திலோ சந்தடி செய்யும் ஒரு வகை ஈயம் கலந்திருக்கும். அது 22 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். எனவே பழைய ஈயம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஸார்டினியாத் தீவின் கரையோரம் மூழ்கிப்போன ரோமானியக் கப்பலில் ஈயக் கட்டிகள் கிடைத்திருந்தன. அவற்றில் 120 கட்டிகளை 2010-இல் பொருட்காட்சிசாலை இந்தச் சோதனைக்காகக் கொடுத்தது. சரித்திரச் சின்னத்தை உருக்கலாமா என்று தொல்பொருள் அறிஞர்களுக்குள் வாதம் எழுந்தது. கட்டிகளின் மேலிருந்த முத்திரை எழுத்துக்களை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மிச்சத்தை உருக்கினார்கள்.

இவ்வளவும் வெளிச் சந்தடியை அடக்குவதற்கு. மனிதன் மனத்துக்குள்ளே எழும் சந்தடியை அடக்குவது எப்படி? நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்.

1990-ஆம் வருஷம் முதல் 2003 வரையில் ஹைடெல்பெர்க்-மாஸ்கோ குழு என்ற ஒரு கூட்டத்தார், சுமார் 11 கிலோ ஜெர்மானியத்தை வைத்துக்கொண்டு அதே மலையடியில் காத்திருந்தார்கள். 2001-ஆம் வருஷ முடிவில், அக்குழுவின் தலைவரான க்ளாப்டோர்-க்ளைன்குரோத்ஹௌஸ் என்பவரும் அவரைச் சேர்ந்த சிலரும், தேடிய அடையாளம் தென்பட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். உலகம் திகைத்தது. ஆனால் குழுவிலேயே வேறு சிலர் அதை ஒப்பவில்லை. சந்தடியின் நடுவே எழுந்த சிறு மேட்டைச் சிகரம் என்று கொள்ளலாமா என்பதே வாதம். ஒருவரையும் பொய்யர் என்று சொல்ல இடமில்லை. பத்து வருஷம் இருட்டில் கண்ணை நட்டு வைத்திருப்பவனுக்கு நிழலும் ஆளாகத் தெரியும், ஆசை அப்படிப்பட்டது.

இதைத் தீர்த்து வைக்கக் கெர்டா என்ற புதிய குழு புறப்பட்டது. அவர்கள் செய்த இரண்டு காரியங்களை நாம் வெகுவாகப் போற்றுகிறோம். பழைய குழு உபயோகித்த அதே ஜெர்மானிய ஸ்படிகங்களையே வாங்கி, இன்னும் அமைதியான இடத்தில் தொங்கவிட்டார்கள். "உங்கள் பொருள் வேறு, எங்கள் பொருள் வேறு" என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று. இரண்டாவதாக, தம் கண்களைத் தாமே கட்டிக்கொண்டார்கள். கருவி தரும் கணக்குகளில் 2,039-ஐ ஒட்டியவற்றை மட்டும் யாரும் பார்க்கக்கூடாதென்று பூட்டி வைத்துவிட்டார்கள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்ற விதிகளையெல்லாம் முதலில் முடிவு செய்தார்கள். விதிகளை இனி மாற்றுவதில்லை என்று உறுதி செய்த பிறகே பூட்டைத் திறந்தார்கள். விடையை முன்னே பார்த்துவிட்டு அதற்கேற்றபடி கணக்கைத் திருத்தும் சபலம், பள்ளிக்கூடத்துப் பையனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பூட்டைத் திறந்தது 2013-இல். முந்தைய குழுவினரின் அறிவிப்பு மெய்யானால், அந்த இடத்தில் ஏறக்குறைய 6 சிதைவுகளும், சந்தடியால் வரும் 2-உம், ஆக 8 இருந்திருக்க வேண்டும். இருந்தவை 3. அவற்றிலும் நட்ட நடுவில் ஒன்றுமில்லை. "காணோம்" என்று கெர்டா குழு சொல்லிற்று. பிறகு இன்னும் அதிக ஜெர்மானியத்தோடு 2019 வரையில் காத்திருந்து, மறு வருஷம் வெளியிட்ட இறுதிக் கணக்கிலும் அதையே சொல்லிற்று. நாம் மேலே எழுதிய 25 பூஜ்யங்கள் அந்த இறுதிக் கணக்கிலிருந்து வந்தவையே.

ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்தில் 745 கிலோ ஸெனான் வாயுவை வைத்துக்கொண்டு காத்தவர்களும் 2024-இல் "காணோம்" என்றார்கள். அவர்கள் கண்ட எல்லை கெர்டாவினுடையதைப் போல் இரண்டு மடங்கு. மயோரானா சொன்னது மெய்யாயிருந்தால், இந்தச் சிதைவை நடத்தும் நியூட்ரினோ எடை எலெக்ட்ரானின் எடையில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டாது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆகவே, "காணோம்" என்பது வெறுங்கை அன்று. எங்கே தேட வேண்டியதில்லை என்று அது வேலி கட்டிச் சொல்லுகிறது. அடுத்தவன் அந்த வேலிக்கு அப்பாலிருந்து தொடங்கலாம்.

நம் தேசத்துக்கு இதில் என்ன பங்கு என்று நேயர்கள் கேட்பது நியாயம். 1965-இல், கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் ஆங்கிலேய, ஜப்பானிய அறிஞர்களுடன் கூடி, வானமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது அகப்பட்டது. தமிழ் பேசும் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் கோலார் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அதே சுரங்கத்தில் பிறகு புரோட்டான் சிதைகிறதா என்று காத்தார்கள். சில தடங்கள் அப்படி இருக்கக்கூடும் என்று 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தார்கள். வெளிநாட்டில் எழுந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. நம்மவர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. தேடும் துணிவும், பிறர் சோதிக்க இடங்கொடுக்கும் பெருந்தன்மையும் சேர்ந்ததே விஞ்ஞானம்.

இரட்டைச் சிதைவுக்காக நம் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த பொருளைக் கேட்டால் வீட்டிலுள்ள பெண்மணிகள் புன்னகை செய்வார்கள். அது வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகமேதான்! அதில் 124 என்று எண்ணிட்ட வகை நூற்றுக்கு 5.8 பங்கு உண்டு. அந்த வகையும் ஜெர்மானியத்தைப் போல இரட்டைத் தாவல் தாவக்கூடியது. அதைக் கடுங்குளிரில் வைத்துக் காவல் காக்கும் ஏற்பாட்டுக்கு முன்னோடியாக ஆராய்ச்சிகள் நடந்தன. அதற்கும் இடமளிப்பதாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து மலையில் ஒரு நிலத்தடி ஆராய்ச்சிக்கூடம் அமைக்க மத்திய அரசாங்கம் 2015-இல் அனுமதி அளித்தது. மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் கேடு வரும் என்று அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கமும் 2022-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஆட்சேபம் தெரிவித்தது. கூடம் எழவில்லை. அந்த வழக்கின் நியாயாநியாயங்களைப் போகிற போக்கில் இங்கே தீர்த்துவிட நாம் துணியோம். ஒன்று மட்டும் சொல்லலாம். மலையை நம்பி வாழ்கிறவர்களின் கவலையும், மலைக்கடியில் உண்மையைத் தேடுகிறவர்களின் ஆவலும், ஒன்றை ஒன்று இகழாமல் பேசும் நாள் வர வேண்டும்.

கிரான் ஸாஸோவில் காவல் ஓயவில்லை. கெர்டா குழுவும் அமெரிக்காவில் அதே வேலை செய்த குழுவும் ஒன்றாகி, 200 கிலோ வரை ஜெர்மானியம் ஏற்கும் புதிய சாதனத்தை அமைத்து, 2023 முதல் கணக்கெடுக்கத் தொடங்கின. 2025-இல் வந்த முதல் கணக்கிலும் பதில் "காணோம்" என்பதே. அடுத்தபடியாக 1,000 கிலோவுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

மயோரானாவின் ஊகம் தவறாகவே இருக்கலாம். நியூட்ரினோவுக்குத் தனியாக ஓர் எதிர்த்துகள் இருக்கலாம். அப்படியானால் எவ்வளவு காத்தாலும் அந்த 2,039-இல் ஒன்றும் குவியப் போவதில்லை. இதை அவர்கள் நன்றாக அறிவார்கள். அறிந்தே, தம் கண்ணைத் தாமே கட்டிக்கொண்டு, தம் ஆசையைத் தாமே பூட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். என்றேனும் ஒருநாள் "கண்டோம்" என்று அவர்கள் சொன்னால் உலகம் அதை நம்பும். இத்தனை வருஷம் "காணோம்" என்று கூசாமல் சொல்லி வந்தவர்கள் அல்லவா?